கணினியைத் தூக்கிப் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

2025 பிப்ரவரி. ராத்திரி ஒரு மணி. வின்டர்தூரில் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் திரையில் ஒரே ஒரு வரி: ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, வேலையைத் தொடர முடியாது. அப்புறம் ஃபோட்டோஷாப் தானாகவே மூடிக்கொண்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை போயே போச்சு. நடுவில் சேவ் பண்ணாதது என் தப்புதான். ஆனால் சேவ் கொடுத்தாலே அஞ்சு நிமிஷம் உறைந்து நிற்கிற மெஷினில் யார்தான் அடிக்கடி சேவ் பண்ணுவார்கள்?

அது என்ன போட்டோ என்று சொல்லிவிடுகிறேன். எங்க அப்பா கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்தை எடுத்தவர். ஆனால் அவர் இருக்கிற போட்டோ எங்கள் வீட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷன் அல்லவா? 1988-ல், நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், ஸ்டுடியோவில் வேலை பார்த்த பையன் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து யாஷிகா கேமராவில் ஒரு படம் எடுத்திருக்கிறார். பிரிண்ட் எப்போதோ வெளுத்துப் போய்விட்டது. அப்பா 2024-ல் காலமான பிறகு, பரணில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் அந்த நெகட்டிவ் கிடைத்தது. கலர் நெகட்டிவ், ஓரமெல்லாம் பூஞ்சை.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அந்தப் படத்தைப் பெரிசாகப் பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது நெகட்டிவை எடுத்து வந்து, இங்கே ஸ்கேன் பண்ணி, பூஞ்சைத் தடங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேலே சொன்ன கூத்து.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அஞ்சு வருஷப் பழசு. போட்டோ எடிட்டிங் என்றால் புதுசுதான் வாங்க வேண்டும்" என்று 1,900 ஃபிராங்க் மாடல் ஒன்றைக் காட்டினார். நானும் கிட்டத்தட்ட வாங்கியிருப்பேன்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். நான் என்ஜினீயரிங் படித்தவன். கல்லூரி நாட்களில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், பேரம் பேசி, டிடிஆர்-2 ரேம் வாங்கி வந்து ஹாஸ்டல் பசங்க கம்ப்யூட்டருக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தவன். இப்போது என் வேலை கிளவுட் சர்வர்களோடு. அங்கே மெமரி போதவில்லை என்றால் ஒரு கிளிக், முடிந்தது. அந்தப் பழக்கத்தில், என் சொந்த லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஞாபகப்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ்காரர். இந்த நாட்டில் 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்று ஊருக்கு ஊர் நடக்கும். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த பழக்கம். கெட்டுப்போன மிக்சி, ரேடியோ, கிழிந்த கோட்டு எதையும் கொண்டு போகலாம். விஷயம் தெரிந்தவர்கள் சம்பளம் வாங்காமல் உங்களோடு உட்கார்ந்து சரி பண்ணித் தருவார்கள். பக்கத்திலேயே காபி, கேக். நண்பர் ஒருவர் சொல்லி அங்கே போனேன்.

அந்தப் பெரியவர் என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மெதுவாகும்போது எது நிரம்புகிறது என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அவர் பார்த்தார். பிறகு அடிமூடியைக் கழற்றினார். ரேம் மாட்டும் இடம் இரண்டு. ஒன்றில் 8 ஜிபி. இன்னொன்று காலி. அஞ்சு வருஷமாகக் காலி!

மேசையும் பீரோவும்

ரேம் என்றால் என்ன என்பதை எங்க அப்பாவின் ஸ்டுடியோவை வைத்தே சொல்கிறேன். நெகட்டிவ்கள் எல்லாம் பீரோவில் இருக்கும். அது ஹார்ட் டிஸ்க். அப்பா வேலை பார்க்கும் ரீடச் மேசை சின்னது. அது ரேம். அப்போதைக்குத் தேவையான நெகட்டிவையும் பென்சிலையும் மட்டும் அதில் வைத்துக்கொள்வார். மேசை நிரம்பிவிட்டால் ஒன்றைப் பீரோவில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வர வேண்டும். வேலை நடக்கும், ஆனால் பாதி நேரம் நடையிலேயே போய்விடும். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. ரேம் நிரம்பியதும் டிஸ்க்கில் ஒரு மூலையைத் தற்காலிக மேசையாக்கிக்கொள்கிறது. ஃபோட்டோஷாப் அதைத்தான் ஸ்கிராட்ச் டிஸ்க் என்கிறது. அந்த மூலையும் நிரம்பினால் என் கதிதான்.

போட்டோவுக்கு ஏன் இவ்வளவு இடம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். யாஷிகாவின் 120 ரோலில் ஒரு படம் 56 மில்லிமீட்டர் சதுரம். அதை ஒரு அங்குலத்துக்கு 3,200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 5 கோடி பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 16 பிட் தரத்தில் எண்ணுக்கு 2 பைட். ஆக, ஒரு படத்துக்கு 300 எம்பி. பூஞ்சையை அழிக்க ஒரு லேயர், நிறத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று படத்தை ஆறு பிரதி போட்டால் 1.8 ஜிபி. செய்த தப்பைத் திரும்ப எடுக்க ஃபோட்டோஷாப் பழைய நிலைகளையும் ஞாபகம் வைத்திருக்கும். அது தனி. விண்டோஸும் திறந்து கிடக்கும் பிரவுசரும் 3, 4 ஜிபியைச் சாப்பிட்டுவிடும். 8 ஜிபி எந்த மூலைக்கு?

இன்றைய கேமராக்காரர்களுக்கும் இதே கணக்குதான். 24 மெகாபிக்சல் படம் என்றால் திறந்தவுடன் ஒரு லேயர் 144 எம்பி. கார்டில் 25, 30 எம்பி ஃபைலாக இருப்பது மேசைக்கு வந்தால் அப்படி விரிகிறது. அஞ்சாறு படத்தைச் சேர்த்துப் பனோரமா தைக்கிறவர்கள் பாடு சொல்லவே வேண்டாம். ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியே குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி என்றுதான் சொல்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

கடைக்காரர் சொல்வதை நம்புவதற்கு முன், நீங்களே அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம்.

வழக்கமாகச் செய்யும் எடிட்டிங்கைச் செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்', பிறகு 'மெமரி'. மெஷின் திணறும் நேரத்தில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பிரச்சினை அங்கேதான். ஃபோட்டோஷாப்பின் கீழ்ப்பட்டையில் 'எஃபிஷியன்சி' என்று ஒரு அளவு காட்டவும் வழி உண்டு. அது 100-க்குக் கீழே இறங்கினால், மேசை நிரம்பிப் பீரோவுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறதா? அப்படியானால் ரேம் வாங்காதீர்கள், காசு வீண். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். ஏஐ மூலம் படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதிதான் மெதுவென்றால், அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 16 ஜிபியே நிரம்பாதவருக்கு 64 ஜிபி போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று இருக்கும். 2-ல் 1 என்றால் ஒரு இடம் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே சாலிடர் வைத்து ஒட்டியது, மாற்ற முடியாது. எதற்கும் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எவ்வளவு ஜிபி வரை தாங்கும் என்பதும் அதில்தான் இருக்கும்.

வாங்கும்போது டிடிஆர்-4-ஆ டிடிஆர்-5-ஆ என்று பாருங்கள். இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு, மாற்றிப் போட்டால் உட்காராது. ஒரே மாதிரி இரண்டாக வாங்கினால் இரண்டு வழியிலும் டேட்டா போகும், வேகம் கிடைக்கும். மாட்டுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ரேமைச் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும். முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். பயப்பட வேண்டாம்.

நான் 16 ஜிபி இரண்டு வாங்கினேன். 70 ஃபிராங்க். மாட்ட இருபது நிமிஷம். அதே லேப்டாப்பில் அப்பாவின் படத்தை நான்கு ராத்திரியில் முடித்தேன். 1,900 எங்கே, 70 எங்கே?

பக்கத்து வீட்டு அக்கா

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2025 டிசம்பரில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கதவைத் தட்டினார். மகன் போட்டோகிராபியில் ஆர்வமாக இருக்கிறான், தமிழ் விழாக்களில் படம் எடுத்துக் கொடுக்கிறான். "தம்பி, போன வருஷம்தான் 1,200 ஃபிராங்குக்கு வாங்கினது. இப்ப படம் திறக்கவே மாட்டுதாம். நீங்கள் உங்கட கம்ப்யூட்டருக்குச் செய்த மாதிரி இதுக்கும் ஏதும் செய்யேலுமோ, ஒருக்கா பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். அழகான, மெல்லிசான லேப்டாப். 8 ஜிபி. மூடியைத் திறந்தால் ரேமுக்கு இடமே இல்லை. எல்லாம் போர்டோடு ஒட்டியிருந்தது. புத்தம் புதுசு, ஆனால் என்னுடைய ஆறு வருஷப் பழசுக்குக் கிடைத்த வழி அதற்குக் கிடையாது. அக்காவிடம் அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. "வாங்கேக்க ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே தம்பி" என்றார். அதுதான் என் கேள்வியும். ஏன் யாரும் சொல்வதில்லை?

தயாரிப்பாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஒட்டிய மெமரி வேகமாக ஓடும், பேட்டரியைக் குறைவாகக் குடிக்கும், லேப்டாப்பும் மெல்லிசாகும். ஆனால் அப்படி ஒட்டுவதாக இருந்தால் போதுமான அளவு போட்டு ஒட்ட வேண்டாமா? ஆப்பிள் நிறுவனம் மேக் கம்ப்யூட்டர்களின் ஆரம்ப அளவை 8-லிருந்து 16 ஜிபிக்கு உயர்த்தியதே 2024 அக்டோபரில்தான். மெல்லிசுக்கு ஒட்டியே ஆக வேண்டும் என்ற வாதமும் இப்போது பழசாகிவிட்டது. கழற்றி மாட்டக்கூடிய, அதே சமயம் மின்சாரம் குறைவாக எடுக்கும் 'எல்பிகேம்-2' வகை மெமரியோடு லெனோவோ 2024-லேயே திங்க்பேட் பி1 மாடலைக் கொண்டுவந்தது. செய்ய முடியும். செய்ய மனசு வேண்டும்.

இப்போது இன்னொரு தலைவலி. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சிப்புகளைப் பெருமளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே நிறுவனங்கள்தான். 2025 டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு 'குருஷியல்' என்ற பெயரில் ஏறத்தாழ 30 வருஷமாக விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. நான் 70 ஃபிராங்குக்கு வாங்கிய ஜோடியின் விலையை அதே மாதம் பார்த்தேன். இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. விலை ஏறினால், 8 ஜிபியை ஒட்டி விற்கிற மாடல்கள்தான் மறுபடியும் கடைகளில் நிறையும் என்பது என் பயம். விலை குறைவு என்று அதை வாங்கப்போவது யார்? நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான்.

அக்கா மகனுக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: எடிட் பண்ணும்போது பிரவுசரை முழுசாக மூடச் சொன்னேன். லைட்ரூமில் 'ஸ்மார்ட் பிரிவ்யூ' போட்டு, சின்ன பிரதியில் வேலை செய்யக் காட்டிக் கொடுத்தேன். ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்கி அதை ஸ்கிராட்ச் டிஸ்க்காக வைத்தோம். சாதாரண விழாப் படங்களுக்கு 16 பிட் வேண்டாம், 8 பிட் போதும் என்றேன், பாதி இடம் மிச்சம். இப்போது சமாளிக்கிறான். சமாளிப்புதான், தீர்வு இல்லை.

இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை

"போட்டோ எடிட்டிங்குக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்று கேட்கலாம். வின்டர்தூரில் இருப்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊர் சுவிட்சர்லாந்தின் போட்டோ தலைநகரம் மாதிரி. 1993-ல் ஆரம்பித்த போட்டோ மியூசியம், அதற்கு எதிரிலேயே 2003-ல் சூரிச்சிலிருந்து இங்கே குடிவந்த சுவிஸ் போட்டோ அறக்கட்டளை. தங்கள் நாட்டுப் போட்டோகிராபர்களின் நெகட்டிவ்களைச் சூடும் ஈரமும் அண்டாத அறைகளில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

நம் ஊர் ஸ்டுடியோ நெகட்டிவ்கள் என்ன ஆயின? நிறைய வெள்ளிக்காக உருக்கப்பட்டன. மிச்சம் கறையானுக்கும் மழைக்கும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. பெரிய காரியம். ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை பரணில் ஏறி இறங்க முடியும்? உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னை நீங்கள்தான் திறக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்கேனரும், மெமரி போதுமான ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். அந்தச் சாதாரணக் கம்ப்யூட்டரை வேண்டுமென்றே முடக்கி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குப்பைக் கணக்கும் இருக்கிறது. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்று கணக்கில் உள்ளது 22.3 சதவீதம். சுவிட்சர்லாந்தில் வாங்கும் விலையிலேயே மறுசுழற்சிக் கட்டணம் சேர்ந்திருக்கும், பழசைக் கடையில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை 8 ஜிபிக்காகத் தூக்கிப் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப்புகளுக்கு 'ரிப்பேர் மதிப்பெண்' போட்டுத்தான் விற்க வேண்டும். இந்தியாவிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் கடையில் விலைச்சீட்டைப் பார்க்கிற சாதாரண ஆளுக்கு இன்னும் எதுவும் எட்டவில்லை. நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. விலைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு வரி: "இதில் மெமரியைப் பிறகு கூட்ட முடியும்" அல்லது "கூட்ட முடியாது". சுவிஸிலும் சரி, இந்தியாவிலும் சரி, இதைச் சட்டமாக்குவதில் என்ன கஷ்டம்?

அதுவரை நீங்களே கேளுங்கள். புதுசு வாங்கினால்: மெமரி கழற்றக்கூடியதா, ஒட்டியதா? ஒட்டியது என்றால் 16 ஜிபிக்குக் கீழே, போட்டோ வேலைக்கு, தொடவே தொடாதீர்கள். பழசு வைத்திருந்தால்: திணறும்போது எது நிரம்புகிறது? காலி இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஒரு ஃபிராங்கோ ஒரு ரூபாயோ செலவு பண்ணாதீர்கள்.

அப்பாவின் படம் கோவில்பட்டியில் பிரிண்ட் ஆகி, நினைவு நாளுக்கு முந்தின நாள் வீட்டில் மாட்டப்பட்டது. வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏய்யா, அப்பா சட்டைப் பையில பென்சில் இருக்குய்யா, பாத்தியா?" என்றார். நான் பார்த்திருந்தேன். நெகட்டிவ் திருத்துகிற பென்சில். படத்தில் பூஞ்சை அதன் மேல்தான் அதிகம் படர்ந்திருந்தது. கடைசி ராத்திரி முழுக்க அந்தப் பென்சிலுக்குத்தான் செலவானது.